ஒரே டேக்குல ஓகே

இதுவா தம்பி, பஸ்ஸு ஏறுனதுலேருந்து பாத்துக்கினு வர்றியே? கையில கட்டி வுட்டாம்பா, அந்த சினிமா பார்க்குல. உள்ள போறதுக்கு அடையாளமாம். பாத்தா காயிதம் மாதிரிதான் இருக்கு, பிய்க்க வர மாட்டன்னுது. காலையிலேருந்து இழுத்துப் பாக்கறேன், தண்ணியில நனைச்சிப் பாக்கறேன், ஊஹூம். மாட்டாஸ்பத்திரியில மாட்டுக்குக் காதுல மஞ்ச டோக்கன் குத்தி வுடுவாங்க பாரு, அந்த மாதிரி. இனிமே வூட்டுக்குப் போயி அருவாமணையில வெச்சி அறுத்தாதான் உண்டு.

ஆமா, தனியாத்தான் போனேன். நீயும் அதையே கேக்கற பாத்தியா. அங்க இருக்கறவன் பூரா அதத்தான் கேட்டான். ஒருத்தரு தானா சார், ஃபேமிலி வரலையா சார். ஏம்பா, ஒரு மனுசன் ஒண்டியா ஒரு எடத்துக்குப் போனா போலீசுல சொல்லணுமா இன்னா?

நானா போய் டிக்கெட்டு வாங்கல. உரக்கடையில குலுக்கல் போட்டான். பொங்கலுக்கு மூட்ட வாங்குனவனுக்கெல்லாம் ஒரு சீட்டு. ஒருத்தனுக்கு மருந்தடிக்கிற மிஷினு வுழுந்துது, ஒருத்தனுக்குக் குக்கரு வுழுந்துது. எனுக்கு வுழுந்தது இது. அறுவத்தி ரெண்டு வயசு ஆளு, கரும்பும் நெல்லும் வெச்சிப் பொழைக்கிறவன், எனுக்கு சினிமா பார்க்கு. அதுலயும் ஒரு ஆளுக்கு மட்டும்னு அச்சடிச்சிருக்கு. சரி வீணாப் போவானேன்னு விடியக்காலையில பஸ்ஸு ஏறிட்டேன். மெட்ராஸ் பாதையில, ஈசிஆர் ஓரமா இருக்கு. நீ போனதில்லையா? போவாத. நான் சொல்றேன், போவாத.

வாசல்ல ஒரு காமிரா கட்டி வெச்சிருக்கான், நாலு மாடி ஒசரம். அது வாய்க்குள்ளதான் பூந்து போவணும். உள்ள போனா கிராமம்னு ஒரு போர்டு. போர்டு மாட்டலன்னா இன்னான்னு தெரியாது, அதனால மாட்டி வெச்சிருக்கான். ஒரு கெணறு இருக்கு. தட்டுனா டொக்கு டொக்குங்குது. எட்டிப் பாத்தா ஒரு முழம் ஆழம், உள்ள தண்ணி பாட்டிலும் சிப்ஸ் கவரும் கெடக்கு. பக்கத்துல நெல்லு நட்டிருக்கான், பிளாஸ்டிக்குல. ஒரு கதுருல பதரு இல்ல, ஒரு கோரப் புல்லு இல்ல, எல்லாம் ஒரே ஒசரம். அந்த வரப்புல நின்னுகினு ஒரு குடும்பம் போட்டோ புடிக்குது. அந்தாளு எங்கையில போனக் குடுத்து, எடுத்துக் குடுங்கன்றான். எடுத்துக் குடுத்தேன். அப்பறம் எம்பக்கத்துல வந்து நின்னு என்கூட ஒண்ணு எடுத்துக்கறான், அவன் பொண்டாட்டி ஒண்ணு எடுத்துக்குது. வேட்டி கட்டிக்கினு மீசையோட நிக்கறன் இல்ல, என்னையும் சம்பளத்துக்கு நிக்க வெச்ச ஆளுன்னு நெனைச்சிட்டாங்க. நானும் நெனைச்சிக்கட்டும்னு நின்னு குடுத்தேன். அவன் இன்னா ஊருக்கு வந்து விசாரிக்கவா போறான்.

மழையும் உண்டு. பத்து நிமிசத்துக்கு ஒரு வாட்டி குழாயத் தொறந்து வுடறான், பாட்டுப் போடறான், அதுக்குக் கீழ போயி ஆடுதுங்க ஜனங்க. நனைஞ்சிட்டு வெளிய வந்தா துண்டு விக்கறான். பணக்காரன் வூடுன்னு ஒண்ணு. பெரிய மாடிப்படி, செவப்புக் கம்பளம். பதினாலு படி ஏறுனேன் தம்பி. மேல ஒண்ணுமே இல்ல. பின்னால சவுக்கக் கழி முட்டுக் குடுத்து வெச்சிருக்கான். எறங்கி வந்தேன். கீழ நிக்கறவன் சிரிக்கறான், எல்லாரும் இப்படித்தான் சார் ஏறிப் பாக்கறாங்கன்னு. தெரிஞ்சா ஒரு போர்டு மாட்ட வேண்டியதுதான, கிராமத்துக்கு மாட்டுன மாதிரி.

சண்ட போட்டுக் காட்டுனானுங்க. பாட்டில எடுத்து மண்டையில போடறான், தூளாப் போவுது, அவன் நின்னுகினு பல்லக் காட்டறான். பாட்டிலு சக்கரையாம். சக்கரையக் காய்ச்சி ஊத்தி கண்ணாடி மாதிரி பண்ணுவாங்களாம். நாங்க கரும்புல சோல கழிச்சி, கட்டு கட்டி, லாரியில ஏத்தி, மில்லு வாசல்ல ரெண்டு நாளு தூக்கம் முழிச்சிக் கெடக்கறோம். இவனுங்க அத்த மண்டையில போட்டு ஒடைச்சிக்கினு இருக்கானுங்க.

ராட்டினம் ஏறுனியான்னா, அதக் கேக்காத. சரி, கேட்டுட்ட, சொல்றேன். ஜோடி ஜோடியா ஒக்கார்ற ராட்டினம். ஒருத்தரு தானான்னான். ஆமாம்ன்னேன். மைக்குல சொல்றாம்பா, இங்க ஒரு சிங்கிள் இருக்காரு, யாராவது சிங்கிள் வர்றீங்களான்னு. அவ்ளோ கூட்டத்துல ஒருத்தன் வரல. எல்லாம் திரும்பி என் மூஞ்சியப் பாக்குது. அப்பறம் இன்னா பண்ணான் தெரியுமா, ஒரு மணல் மூட்டையத் தூக்கியாந்து எம்பக்கத்துல ஒக்கார வெச்சி அதுக்கும் ஒரு பெல்ட்டப் போட்டான். ரெண்டு பக்கமும் பாரம் சரியா இருக்கணுமாம். அந்த மூட்டையும் நானுமா மூணு சுத்து சுத்தி வந்தோம். எறங்கச்ச வயித்தக் கொமட்டுது. மூட்ட நல்லாத்தான் இருந்துது.

நடுவுல போனு வேற அடிச்சிக்கினே இருந்துது. பத்து மணி சுமாருக்கு ஒரு வாட்டி, பதினொண்ணுக்கு ஒரு வாட்டி. எடுக்கல. அந்த சத்தத்துல இன்னா கேக்கப் போவுது? அணைச்சி வெச்சிட்டேன்.

தவளக்குப்பம் தாண்டிட்டமா? ம். நீ கடலூரு வரிக்கும் போறவன், உனுக்கு இன்னா அவசரம்.

சாப்ட்டுட்டு வெளிய வரேன், ஒரு கொட்டாய். நீங்களும் நடிக்கலாம்னு எழுதியிருக்கு. வெயிலுக்கு ஒதுங்கலாம்னு உள்ள போனேன், நடிக்க இல்ல. தொப்பியத் திருப்பிப் போட்டுக்கினு ஒருத்தன், அன்புராஜாம் பேரு, அவந்தான் அந்தக் கொட்டாய்க்கு டைரக்டரு. என்னப் பாத்ததும் கையப் புடிச்சிட்டான். அய்யா, உங்க மீசைக்கும் வேட்டிக்கும் அப்பா வேசம் அப்படியே பொருந்துது, ஒரே நிமிசம்னு மேடையில ஏத்தி வுட்டான். நூறு பேரு ஒக்காந்து பாக்கறான். எறங்குனா அசிங்கம்.

கத இன்னான்னா, பொண்ணு யாரையோ காதலிக்குது, அப்பங்காரன் கண்டுபுடிச்சி வெளிய தொரத்தறான். ஒலகத்துல இல்லாத கத பாரு. பொண்ணா நடிக்க திண்டிவனத்துப் பொண்ணு ஒண்ணு, சரண்யான்னு, கூட வேல செய்யறவங்களோட வந்திருக்குது. பேண்ட்டு மேல ஒரு தாவணியச் சுத்தி வுட்டானுங்க. அதுக்கு சிரிப்ப அடக்க முடியல. நான் பேச வேண்டியது எதிருல டிவியில ஓடுது. குலமாம், மானமாம், பரம்பரையாம், ஒரு முழ நீளத்துக்கு. எந்த அப்பம்பா அவ்ளோ பேசுவான்? அவ்ளோ பேசுனா அவனுக்கே பாதியில கோவம் எறங்கிடும்.

ஸ்டார்ட்டுன்னான். நான் டிவியப் பாக்கல. மேடையில கட்டுன வாசப்படிக்கு மேல நான், படிக்குக் கீழ அந்தப் பொண்ணு. கத்தல தம்பி. இப்ப உங்கிட்ட பேசறேன் பாரு, இந்தக் கொரல்லதான் சொன்னேன். எனுக்கு ஒரு பொண்ணு இருந்தா. அவ செத்துப் பூட்டா. பதினாறு பண்ணி தலையும் முழுவிட்டேன். நீ யாரும்மா, உனுக்கு இன்னா வோணும்? அவ்ளோதான். சொல்லிட்டுக் கதவ சாத்துனேன். அட்டக் கதவு, சாத்துன வேகத்துல ஆடிக்கினே நிக்குது.

அப்பறம் கையத் தட்டறானுங்க, வெளிய போறவன்லாம் நின்னு எட்டிப் பாக்கறான். அன்புராஜு ஓடியாந்து, அய்யா ஒரே டேக்குல ஓகேன்னு என்னத் தூக்காத கொற. கதவ நீக்கிப் பாத்தா அந்தப் பொண்ணு சிரிக்கல. கண்ணு கலங்கி நிக்குது. வெளையாட்டுக்கு வந்த எடத்துல அழறது பாரு.

அதோட வுட்டானா அவன். இன்னொரு வாட்டி அய்யா, கிட்டக்க மூஞ்சிய மட்டும் எடுக்கணும்ன்றான். நின்னேன். லைட்டத் தூக்கி மூஞ்சி மேல அடிக்கறான். ஸ்டார்ட்டுன்னான். எனுக்கு ஒரு பொண்ணுன்னேன். மேல வரல. தண்ணி குடிங்கன்னான், குடிச்சேன். மறுபடியும் எனுக்கு ஒரு பொண்ணு. அதோட நின்னுடுது. மூணு தபா. ஏண்டா, ஒரு அப்பன் அத்த எத்தினி வாட்டிடா சொல்லுவான்னு சத்தம் போட்டுட்டு எறங்கி வந்துட்டேன். நூறு பேரும் பாக்கறான், பாக்கட்டும்.

வெளிய வந்து ஒக்காந்தா, அந்த சரண்யாப் பொண்ணு பின்னாலயே வந்து நிக்குது. ஒண்ணும் இல்லல்ல அப்பா, டாக்டர் கிட்ட போலாமான்னு கேக்குது. அப்பாவாம். ஒங்கப்பனுக்குப் போன் போட்டுப் பேசு போ, எனுக்கு ஒண்ணும் இல்லன்னேன். மூஞ்சி சுண்டிப் போச்சி. போச்சின்னா போவட்டும்.

நாடகமா? தெருக்கூத்தா? நான் எந்தக் கூத்துல நடிச்சேன் தம்பி, கூத்து நடந்தா கூட பாதியில எழுந்து வந்துடுவேன். அது ஒண்ணும் நடிப்பு இல்ல. ஏற்கனவே சொன்னதுதான். போன பொரட்டாசியில, எங்க வூட்டுப் படியில, எம்பொண்ணு ஜெயசுதா கிட்ட. ஒரு வார்த்த கூட்டல, கொறைக்கல. அன்னிக்கு யாரும் கை தட்டல, அதான் வித்தியாசம்.

இன்னிக்கித்தான் அதுக்குக் கல்யாணம். காலையில பத்து மணிக்கு, வில்லியனூராண்ட மாதா கோயில்ல. வேதக்காரப் பையன், சகாய சுரேஷுன்னு பேரு, திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனியில வேல. நம்ம ஜனம் இல்ல, நம்ம சாமி இல்ல. நல்ல பையன்னு ஊரே சொல்லுது. சொல்லும், ஊரா பொண்ணு குடுக்குது? ஊருல இருந்தா ஆளாளுக்கு வந்து போவலையா போவலையான்னு கேப்பானுங்க. அதுக்குத்தான் காலையிலயே கெளம்புனது. பார்க்கா இருந்தா இன்னா, சுடுகாடா இருந்தா இன்னா, சாயங்காலம் வரிக்கும் குந்திக்கினு இருக்க ஒரு எடம் வோணும் இல்ல.

பொண்டாட்டி அம்சவள்ளி நேத்து சாயங்காலமே கல்யாணத்துக்குப் பூட்டா. நீ வர்றியா வரலையான்னு ஒரு வார்த்த கேக்கல. சோத்த ஆக்கி மூடி வெச்சிட்டு, வாசக் கேட்ட சாத்திக்கினு போயிட்டா. பத்திரிக மேச மேல கெடந்துது. எடுத்துப் பாத்தேன். திரு சிவப்பிரகாசம், அம்சவள்ளி இவர்களின் மகள்னு போட்டிருக்கு. எம்பேரத் தம்பி, என்னக் கேக்காம. நான் எம்பொண்ணுக்குப் பதினாறு பண்ணிட்டேன்னு சொன்னவன். அவ எம்பேருக்கு முன்னால திருவப் போட்டு, தடி எழுத்துல அச்சடிச்சி வெச்சிருக்கா.

இப்பவாவது போலாமேன்றியா? தெரியும்பா, சாயங்காலம் அங்க மண்டபத்துல ரிசப்ஷன். பாண்டி பஸ் ஸ்டாண்டுல நீ ஏறச்ச பக்கத்துலயே நின்னுதே வில்லியனூரு பஸ்ஸு, பாத்தல்ல? வில்லியனூர் வில்லியனூர்னு கூவிக்கினே இருந்தான். எடமும் இருந்துது. ஒரு கால படியில கூட வெச்சேன். பெருசு, ஏறுனா ஏறு, இல்லன்னா எறங்குன்னான். எறங்கிட்டேன். போயி இன்னா பேசறது, நீயே சொல்லு. சொன்னத எப்படித் திரும்ப எடுக்கறதுன்னு எனுக்குத் தெரியல.

சரி, கிருமாம்பாக்கம் வருது. காலக் கொஞ்சம் மடக்கிக்க தம்பி, எறங்கணும். வூடு பூட்டிக் கெடக்கு, போயி வெளக்கப் போடணும்.