குறை சொல்லி வீடு விற்றவர்

பனிக்காலத்து விடியல் அவசரப்படுவதில்லை. கிழக்கு வெளுக்கும் முன்னரே விழித்துக் காத்திருப்பவர்க்கும் அது தன் முகத்தை மெல்லத்தான் காட்டும். மரங்கள் இலைநுனியில் நீர் கோத்து நிற்கும். தெருவிளக்குகள் அணைய மனமின்றி மஞ்சளாய் மங்கியிருக்கும். எதிர்வீட்டுக் கூரை, யாரோ வரையத் தொடங்கிப் பாதியில் விட்ட கோடு போலத் தோன்றும். ஆண்டு முதிர்ந்து அடங்குகின்ற அந்நாட்களில் உலகம் ஒரு நெடுமூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு யாருக்காகவோ காத்திருப்பதாக எனக்குத் தோன்றும். பழம்பாடல்களில் தலைவன் கார்காலத்தில் திரும்பிவிடுவான். திரும்பாதவனை எண்ணித் தலைவி நடுங்குவது பனிக்காலத்தில். வீட்டுத் தரகர்களுக்கு அந்த இலக்கணம் தெரியாது. அவர்களுக்கு இது வாங்குவோர் வரும் பருவம். ஆண்டிறுதி விடுமுறை என்பது, தம் வீட்டில் இருக்கப் பிடிக்காதவர்கள் பிறர் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே ஏற்பட்ட காலமல்லவா.

வீட்டை விற்க விரும்புகிறவன் முதலில் சன்னல்களைத் துடைக்க வேண்டும், ஐயா. நானும் அதிலிருந்துதான் தொடங்கினேன். விடுமுறையிலும் உங்களை இந்த மேசைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டேன் என்பதில் எனக்கு வருத்தமே. ஆகவே நீங்கள் கேட்பதற்கு முன் நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அது எங்கள் தந்தை கட்டிய வீடு. கீழே நானும் என் மனைவியும். மேலே என் அண்ணன். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. பணியில் இருந்த காலமெல்லாம் கடைகளின் தராசுகளைச் சோதிப்பதே அவர் வேலை. தட்டின் அடியில் ஒட்டிய புளியங்கொட்டை அளவு மெழுகையும் கண்டுபிடித்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு, சோதிப்பதற்குத் தராசு இல்லாத குறையை என்னை வைத்துத் தீர்த்துக்கொண்டார். நான் பழந்தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். காலையில் பதிகம் பாடுவது என் வழக்கம். மாடியிலிருந்து குரல் வரும்: "தம்பி, இன்னைக்கு ஒரு அடி குறையுதே. அவசரமா எங்கயாவது போறியா?" அவர் யாப்பிலக்கணம் படித்தவர் அல்லர். ஆனால் எடை குறைந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். இறைவன் பொறுத்துக்கொண்டதை எல்லாம் அவர் பொறுத்துக்கொண்டதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். வீட்டை அவரளவு பேணியவர் எவருமில்லை. மழைக்கு முன் கூரைநீர்க் குழாயில் அடைத்த சருகை அள்ளுவார். பனியில் உப்பிக்கொள்ளும் கதவுகளை இழைப்பார். கீல்களுக்கு எண்ணெய் விடுவார். குழந்தையின் பல் முளைப்பதைத் தாய் அறிவதுபோல் ஒவ்வொரு சுவரின் விரிசலையும் அறிவார். விற்பதற்கும் அவர் தடை சொல்லவில்லை. என் மனைவிக்கு முழங்கால் நோவு; வாசற்படிக்கட்டு ஏறுவதே பெரும்பாடு. மின்தூக்கி உள்ள அடுக்ககம் ஒன்றைப் பேசி வைத்திருந்தோம். விடுமுறை முடிவதற்குள் இந்த வீடு விலைபோகாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். அண்ணன் கேட்டுவிட்டு, "எங்க கையெழுத்துப் போடணுமோ சொல்லு, போடறேன். அவ கஷ்டப்படறதப் பாக்க முடியல" என்றார். அவ்வளவு நல்லவர். அவரிடம் இருந்த சிக்கல் ஒன்றே ஒன்று. வந்தவர்களுக்கு வீட்டை அவரே சுற்றிக் காட்டுவார்.

முதலில் வந்தவர் ஒரு பல் மருத்துவர், மனைவியோடு வந்தார். அண்ணன் வாசலுக்கே சென்று வரவேற்றார்.

"வாங்க, வாங்க. முதல்ல ஒழுகுற இடத்தக் காட்டிடறேன். நல்லதெல்லாம் அப்புறம் நிதானமாப் பாத்துக்கலாம்."

கூடத்துச் சுவரருகே நிறுத்தி, விரல் முட்டியால் தட்டினார். "நீங்களும் தட்டிப் பாருங்க. கேட்டுதா? உள்ள ஒண்ணும் இல்ல. பூச்சு மட்டும் நிக்குது, பழக்கதோஷத்துல."

மருத்துவர் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, "சொத்தைப் பல்லு மாதிரியே சத்தம் வருதே" என்றார்.

"அதேதான்! உங்க தொழில் ஆளுங்களுக்குச் சட்டுனு புரியும்" என்று அண்ணன் மகிழ்ந்துபோனார். மருத்துவரின் மனைவிக்கு அதைவிடச் சட்டென்று புரிந்தது. என் மனைவி போட்ட தேநீரைக்கூடக் குடிக்காமல் கணவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து ஒரு வங்கி ஊழியர். அண்ணனின் நேர்மையில் மயங்கி, ஒழுகினாலும் பரவாயில்லை, வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். எனக்கு உயிர் வந்தது. அண்ணன் அவரை வாசல்வரை வழியனுப்பச் சென்று, "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் சந்தோஷமா இருந்தா பாடுவாரு. ரொம்ப நல்ல மனுஷன். எப்பவும் சந்தோஷமாவே இருப்பாரு" என்றார். அவ்வளவுதான்.

தரகர் என்னைத் தெருமுனைக்கு இழுத்துச் சென்றார். "சார், உங்க அண்ணன எங்கயாவது டூர் அனுப்பக் கூடாதா? இவர வச்சுக்கிட்டு நான் அரண்மனையக்கூட விக்க முடியாது சார்."

அன்று மாலை அண்ணனோடு பேசினேன். இருவரும் மாடியின் பால்கனி வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தோம். பால்கனிக்குள் போவதில்லை. அதன் இரும்புக் கம்பித் தடுப்பின் அடிப்பகுதி துருவேறி இற்றுப்போயிருந்தது. குறுக்கே ஒரு கயிறு கட்டி, "சாயாதீர்கள்" என்று எழுதிய அட்டையை அண்ணன் தொங்கவிட்டிருந்தார். நேர்கீழே வாசற்படிக்கட்டு, கருங்கல்.

"அண்ணே, இந்த வீட்டப் பத்தி ஒரே ஒரு நல்ல வார்த்த சொல்லக் கூடாதா?"

"எது நல்லா இருக்குன்னு காட்டு, சொல்றேன்."

"இந்தப் பால்கனி. இங்கேர்ந்து பாத்தா தெருவே அழகா இருக்குல்ல?"

"தெரு அழகுதான். சாஞ்சு பாத்தா இன்னும் வேகமாத் தெருவுக்குப் போயிடலாம்." தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்துவிட்டு, "நீ இதச் சரி பண்ணு. பண்ணிட்டா வர்றவங்க முன்னாடி நானே சாஞ்சு நின்னு காட்டறேன், போதுமா? உனக்காக ஒரு நல்ல வார்த்தையும் சொல்றேன்" என்றார்.

சாய்ந்து காட்டுகிறேன் என்று சொன்னவர் அவரே, ஐயா. அந்த எண்ணம் என்னிடத்தில் உதித்ததன்று. ஒருவர் தாமே விரும்பிச் சொன்னதை நிறைவேற்ற உதவுவதற்கு நம் இலக்கியங்களில் நல்ல பெயர்கள் உண்டு.

சில நாள் எங்கள் தங்கை வீட்டில் தங்கி வர அண்ணன் புறப்பட்டார். நான் வெல்டரை அழைத்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அழைக்காமல் விட்டவன் அல்லன் நான். அவர் வந்தார், சுத்தியலால் மெல்லத் தட்டினார், கையை உடனே எடுத்துக்கொண்டார்.

"அடி முழுக்க அரிச்சுப்போச்சு சார். கையாலயே புடுங்கலாம். வெட்டி எடுத்துட்டுப் புதுசா ஊன்றணும். இப்ப லீவு, ஆளுங்க யாரும் இல்ல. லீவு முடிஞ்சு வர்றேன். அதுவரைக்கும் யாரையும் இந்தப் பக்கம் விடாதீங்க."

விடுமுறை முடிந்தால் எனக்கு அடுக்ககமும் முடிந்தது. நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன்.

பிறகு நானே கடைக்குச் சென்று, பள்ளம் நிரப்பும் பட்டிப் பசையும் பச்சை வண்ணமும் வாங்கினேன். கயிற்றை அவிழ்த்தேன். அட்டையைக் கிழித்தேன். துரு தின்ற பள்ளங்களில் பட்டியை வைத்து விரலால் வழித்தேன். செய்யுளில் ஓசை குறையும் இடத்தில் பொருளற்ற ஓர் அசைச்சொல்லை இட்டு நிரப்புவார்கள். கேட்பவர்க்குக் குறை தெரியாது. வாழ்நாளெல்லாம் அதைக் கற்பித்தவனுக்கு இந்த வேலை கைவந்ததில் வியப்பில்லை. காய்ந்தபின் வண்ணம் பூசினேன். இளவெயிலில் அது மழையில் நனைந்த வாழைக்குருத்துப் போல் மின்னியது. என் மனைவி மேலே ஏறி வர முடியாதவள். கீழே வாசலிலிருந்து அண்ணாந்து பார்த்து, "புதுசு மாதிரியே இருக்கே!" என்றாள். கலையைப் பாராட்டத் தெரிந்தவள்.

அண்ணன் திரும்பி வந்தார்.

"வெல்டர் வந்தாரா?"

"வந்தாரு. அடியை வெட்டி எடுத்துட்டுப் புதுசா ஊன்றிட்டாரு."

"நீ பக்கத்துல நின்னு பாத்தியா?"

"முழுக்க நின்னு பாத்தேன் அண்ணே."

"அப்ப சரி" என்று சொல்லிக் குளிக்கப் போய்விட்டார். சென்று தட்டிப் பார்க்கவில்லை. நகத்தால் ஒரு கீறல் போட்டிருந்தால் போதும். ஊரார் தராசையெல்லாம் ஐயுற்ற மனிதர், தம்பியின் சொல்லை நிறுத்துப் பார்க்கவில்லை. பழுத்த அனுபவம் உள்ளவரிடம் இத்தகைய கவனக்குறைவு மன்னிக்கத்தக்கதன்று.

மறுநாள் முற்பகலில் ஒரு செவிலியர், தம் கணவரோடும் சிறுமகளோடும் வந்தார். நல்ல குடும்பம். பனி விலகி வெயில் ஏறியிருந்தது. அண்ணன் வழக்கம்போல் ஒழுகும் மூலை, சொத்தைச் சுவர், பாடும் அண்டைவீட்டார் என்று ஒன்றுவிடாமல் காட்டி முடித்தார். செவிலியர் சிரித்துக்கொண்டே, "ஏதாவது ஒண்ணாவது நல்லா இருக்கா பெரியப்பா?" என்று கேட்டார். பெரியப்பா என்று அழைத்ததில் அவர் குளிர்ந்துபோனார்.

"இருக்கும்மா, மேல வா. அது மட்டும் என் தம்பி பொறுப்பெடுத்துச் செஞ்சது. அவன் ஒண்ணு செஞ்சான்னா அது நிக்கும்."

அவர் என்னைப் பாராட்டியது, எனக்கு நினைவு தெரிந்தவரை, அதுவே முதன்முறை.

மாடிக்குப் போனோம். நான் தேநீர்த் தட்டோடு கடைசியாக ஏறினேன். பால்கனிக் கதவைத் திறந்ததும் பச்சை நிறத்தைக் கண்ட சிறுமி கைகளை நீட்டிக்கொண்டு தடுப்பை நோக்கி ஓடினாள். அப்போது நான் ஏன் வாய் திறக்கவில்லை என்றுதான் செவிலியர் உங்களிடம் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் எண்ணிப் பார்த்தேன் என்பதே விடை. குழந்தை இலேசானது, ஒருவேளை கம்பி தாங்கும் என்று எண்ணினேன். தவிரவும், "அங்கே போகாதே" என்று நான் கத்தியிருந்தால் வாங்க வந்தவர்கள் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள்? தட்டில் தேநீர் சிந்தாமல் நின்றேன்.

அண்ணன்தான் அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கித் தாயிடம் கொடுத்தார். "இரு பாப்பா. எந்தப் புதுசையும் பெரியவங்க முதல்ல சோதிச்சுப் பாக்கணும்." பிறகு திரும்பி, தடுப்பில் முதுகை வைத்து, இரு கைகளையும் விரித்து, நாற்காலியில் சாய்வதுபோல் நன்றாகச் சாய்ந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஓசை அதிகம் எழவில்லை. பட்டி உடையும்போது ஓசை எழாது.

நான் வீட்டை விற்க மட்டுமே விரும்பினேன் என்று உங்களிடம் முதல் நாள் சொன்னேன். அதை இப்போது திருத்திக்கொள்கிறேன். அரைகுறையாகச் சொல்வது அழகன்று. வீடு விற்பதற்கு அவர் இறக்க வேண்டிய தேவையே இல்லை. தங்கை வீட்டில் அவரை இன்னும் சில நாள் தங்கச் சொல்லியிருந்தால், செவிலியரிடம் நானே தேனொழுகப் பேசி முடித்திருப்பேன். தங்கையும் தொலைபேசியில், "அண்ணன் இங்கயே இருக்கட்டுமே, பிள்ளைங்களுக்குச் சந்தோஷமா இருக்கு" என்றுதான் கேட்டாள். இல்லை, உடனே அனுப்பிவை, அண்ணன் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று சொல்லி வரவழைத்தவன் நான். அவர் சாய்வார் என்று அறிவேன். கம்பி தாங்காது என்று அறிவேன். கீழே கருங்கல் என்றும் அறிவேன். ஆம், கொல்வதற்காகவே அந்த வண்ணத்தைப் பூசினேன்.

ஆயினும் ஒன்றை நீங்கள் மறுக்க முடியாது. வாழ்நாள் முழுதும் எவரையும் முழுமையாக நம்பாத மனிதர், இறுதியில் ஒருவனை நம்பி மனம் நிறைந்து சிரித்தபடி போனார். அந்த நிறைவை அவருக்குக் கொடுத்தது யார்? உடன்பிறந்தவன்தானே. நான் செய்ததில் அன்பு கொஞ்சமும் இல்லை என்று எந்த நீதிமன்றமும் சொல்லிவிட முடியாது என்றே கருதுகிறேன்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும் முன் சற்றுப் பொறுங்கள். அந்தக் குவளைத் தண்ணீரில் விரல்களைக் கழுவிக்கொள்கிறேன். கிழக்கு அந்தச் சன்னல் பக்கம்தானே? கண்மூடி, கைகுவித்து, இன்றைக்குரிய இறைவன் பெயரை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் எழ வேண்டாம், அமர்ந்தே இருங்கள்.

ஆயிற்று. வயதில் மூத்தவன் வாழ்த்தினால் பலிக்கும் என்பார்கள். நீங்கள் குடியிருக்கும் வீடு நெடுங்காலம் நிலைத்து நிற்கட்டும். உங்கள் குழந்தைகள் அதன் மாடியில் நின்று பல பனிக்காலங்களைக் காணட்டும். உடன்பிறந்தார் மேல் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கை ஒருநாளும் குறையாதிருக்கட்டும்.