கூடைக்கு ஐந்து சொல்

அப்புத்தளை ஸ்டேஷனில் பனிமூட்டம்தான் வந்தது, ரயில் வரவில்லை. என் பெஞ்சில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டு ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் மாதா கோயில் உபதேசியாரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கட்டுத் தபால் அட்டை. கோயில் திருவிழாவுக்காக ஐம்பது சொல்லில் கதை எழுதும் போட்டி வைத்திருக்கிறார்கள், இவர்கள்தான் நடுவர்கள்.

"எல்லாக் கதையிலயும் கடைசி அஞ்சு சொல்ல அடிச்சுட்டேங்க" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஏன்யா?"

"கொழுந்து நிறுக்கையில கூடை எடைக்குன்னு கொஞ்சம் கழிக்கிறோமில்லையா? இருபது வருஷப் பழக்கம். கை தானா போகுதுங்க."

உபதேசியார் ஓர் அட்டையை எடுத்து வாசித்தார். "'சிறுத்தை லயத்து வீட்டு வாசலில் நின்றது. கங்காணி கதவைத் திறந்து...' தொறந்து என்னய்யா ஆச்சு?"

"அது கழிவுல போச்சுங்க."

"இதுல மாப்பிள்ளை தாலியக் கையில எடுத்துட்டு அப்படியே நிக்கிறான்!"

"நிக்கட்டுங்க. எல்லாருக்கும் ஒரே கழிவு, ஓரவஞ்சனை கிடையாது."

"முடிவே இல்லாத கதைக்குப் பரிசுக் கம்பளிய எப்படிய்யா குடுக்கிறது?"

"ஒண்ணே ஒண்ணு முழுசா இருக்குங்க. மடுல்சீமையில நம்ம தோட்டத்துல கொழுந்து எடுக்கிற பொண்ணு எழுதினது."

"அதுல மட்டும் கழிக்கலையா?"

"கழிச்சேனே. நான்தான் நடுவர்னு அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. கதைய நாப்பத்தஞ்சு சொல்லுல முடிச்சுட்டு, கடைசியில 'கூடை, கூடை'ன்னு அஞ்சு தடவ எழுதி வச்சிருக்கா."