தடவிப் பார்க்காத தோட்டா

வெள்ளிப் பெயிண்ட் காய்ந்துவிட்ட மாதிரி ஏமாற்றும். நம்பி அழுத்திப் பிடித்தால் விரல் அச்சு விழுந்துவிடும். அதனால்தான் நான் செய்யும் துப்பாக்கிகளை ஒரு நாள் முழுக்கக் கம்பியில் தொங்கவிடுவேன். அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும் அவ்வளவு அவகாசம் கிடைக்கவில்லை, ஐயா. அதன் பிடியில் பதிந்திருப்பது என் கட்டைவிரல்தான். நீங்கள் மை தடவிச் சிரமப்பட வேண்டாம்.

கடைசல் பட்டறையில் வளர்ந்தவன் நான். படிப்பு ஏறவில்லை, இரும்பு ஏறியது. அங்கிருந்து சினிமாவுக்கு வந்து கத்தி, கேடயம், துப்பாக்கி என்று செய்து பிழைத்தேன். இந்தப் படம் குடும்பத்தோடு பார்க்கிற படம். வீட்டு வேலைக்கு வாங்கிய ரோபோ ஒருநாள் முரண்டு பிடிக்கும். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு ஒளித்துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அதை எதிர்ப்பார்கள். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. சுட்டால் ரோபோவின் நெஞ்சிலிருந்து புகை வரும், அவ்வளவுதான்.

அந்த ஆயுதங்களைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். முடி உலர்த்தும் கருவியின் கூடு, தண்ணீர்க் குழாயின் வளையம், டார்ச்சின் கண்ணாடி. ஒட்டி வெள்ளி அடித்தால் வேற்றுக்கிரகத்துச் சாமான். விசையை இழுத்தால் பச்சை விளக்கு எரியும். மிச்சத்தைக் கணினியில் வரைந்துகொள்வார்கள்.

சிக்கல் பாப்பாவிடம் வந்தது. படத்தில் கடைசி மகளாக நடித்த பெண்ணை எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பால் பல் விழுந்து முளைக்கிற வயது. ரோபோவை முடிவாகச் சுட வேண்டியவள் அவள். விளக்குத் துப்பாக்கியை இழுத்தபோது அவள் கை கொஞ்சமும் அதிரவில்லை; செடிக்குத் தண்ணீர் விடுபவள் மாதிரி நின்றாள். இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கூட்டுக்குள் ஒரு நிஜத் துப்பாக்கியை வைத்துச் சத்தத் தோட்டா போட்டால் கை உதறும், முகமும் தானாக மாறும் என்று அவர் காதில் போட்டேன். என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அந்த யோசனை என்னுடையது. எழுதிக்கொள்ளுங்கள், அவர் மேல் பழி வேண்டாம்.

சத்தத் தோட்டா என்றால் மருந்து மட்டும் இருக்கும், ஈயம் இருக்காது. வெடிக்கும், நெருப்பைக் கக்கும். தள்ளி நிற்பவனை ஒன்றும் செய்யாது. அதன் வாய் மடித்து மூடியிருக்கும். ஈயத் தோட்டாவுக்கு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கண் தெரியாதவன்கூடத் தடவிச் சொல்லிவிடலாம். அதனால் எங்கள் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரைச் சுடப்போகிறார்களோ அவன்தான் தோட்டாவைத் தடவிப் பார்த்து, தன் கையாலேயே உள்ளே போட வேண்டும். எப்பேர்ப்பட்ட கதாநாயகனுக்கும் இதுதான் சட்டம். போகப்போவது அவன் உயிர் என்றால் பார்ப்பதும் அவன் விரலாக இருக்கட்டும்.

ரோபோவின் கூட்டுக்குள் இருந்தவன் என் மருமகன். சண்டைக் குழுவில் அவனுக்கு ரப்பர் என்று பெயர். எங்கிருந்து விழுந்தாலும் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு ஜோக் சொல்வான். என்னிடம் மட்டும் அவன் தோட்டாவைத் தடவிப் பார்த்ததே இல்லை. மாமனார் கையைச் சோதிப்பது மரியாதை இல்லையாம். சண்டை மாஸ்டர் எத்தனையோ தடவை ஏசியிருக்கிறார். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவான்.

ரோபோவின் மார்புத் தகடும் என் வேலைதான். தகடு என்பது பேச்சுக்கு, பிளாஸ்டிக். அதை இழைத்து இழைத்து மெலிதாக்கியிருந்தேன். பாரம் குறைந்தது, மூச்சு விட முடிகிறது என்று அவன் எனக்கு நன்றி சொன்னான்.

ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

என் மகள் தவழ்கிற வயதில் அவள் அம்மா போய்விட்டாள். இரும்பு முறுக்கிய விரலால் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். பெற்றவள் அவள் என்றால் வளர்த்தவன் நான். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த இடத்தில்தான் இவனைப் பார்த்தாள். நான் குறுக்கே நிற்கவில்லை. கல்யாணம் பண்ணிக் கொடுத்தேன். தெருவைத் தாண்டி அடுத்த தெருவில்தான் குடியிருந்தார்கள். தினமும் வந்து போவாள்.

ஒருநாள் என் வீட்டில் துணி உலர்த்தும்போது அவள் ரவிக்கைக் கை மேலே ஏறியது. தோளில் கைப்பிடி அளவுக்கு ஊதா நிறம். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. நடையில் ஒரு பக்கம் சாய்ந்தாள். கேட்டேன். சிரித்து மழுப்பினாள். வளர்த்த வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள். அவனிடம் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "கொஞ்சம் பலமாத்தான் பட்டுடுச்சு மாமா. இனிமே பார்த்துக்கிறேன்" என்றான்.

அதை அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். பெண்ணை அடிக்கிறவனுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்வது என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். இது முறையான முடிவு என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

படப்பிடிப்பு காலையிலேயே தொடங்கிவிட்டது. வீட்டுக் கூடம் மாதிரி செட், சோபா, சுவரில் குடும்பப் படம். நான் அவனை அநியாயமாக ஒன்றும் செய்யவில்லை, ஐயா. எல்லார் முன்னாலும் உள்ளங்கையில் தோட்டாவை வைத்து நீட்டினேன். "தொட்டுப் பாருங்க மாப்பிள்ளை" என்றேன். உள்ளங்கையில் இருந்தது ஈயத் தோட்டா. ஒரு விரல் பட்டிருந்தால் போதும், அன்றைக்கு நான்தான் மாட்டியிருப்பேன்.

அவன் ரோபோ தலையை மாட்டிக்கொண்டே சொன்னான்: "உங்க கையை நான் சோதிச்சா வீட்டுல எனக்குச் சோறு கிடைக்குமா மாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாய்ப்பு கொடுத்தாயிற்று. தோட்டாவை நானே உள்ளே போட்டேன். பாப்பாவின் பின்னால் மண்டியிட்டு, பிடியை எப்படிப் பிடிப்பது, எங்கே குறி வைப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். நெஞ்சில் சிவப்பு விளக்கு எரியும், அதைப் பார்த்துச் சுடு என்றேன். விளக்கை எங்கே பொருத்துவது என்பதும் என் வேலைதான்.

சுட்டாள். கை நன்றாக உதறியது. இயக்குநர் எதிர்பார்த்த முகம் வந்தது. அவன் விழுந்த விழுகையைப் பார்த்து எல்லாரும் கை தட்டினார்கள். ரப்பர் இந்த மாதிரி விழுந்து நாங்கள் பார்த்ததில்லை. பாப்பா என் பக்கம் திரும்பி, "நான் சரியா சுட்டேனா தாத்தா?" என்றாள். நல்லா சுட்டே கண்ணு என்றேன். பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்டத்தானே வேண்டும். சின்னப் பிள்ளை, மறந்துவிடுவாள்.

கை தட்டாதவள் ஒருத்திதான். என் மகள். அவன் விழுந்து முடிவதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டாள். அடிபடாமல் விழத் தெரிந்தவன் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வான். அவன் இழுக்கவில்லை; அது அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

அவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறீர்கள். படத்தில் அம்மாவாக நடிப்பவருக்குப் பதிலாக மாடிப்படியில் உருள வேண்டியவள் அவள். புருஷனிடம்தான் விழக் கற்றுக்கொண்டாள். ஆமாம், ஐயா. தோளில் இருந்தது விழுந்து பழகிய காயம். நீங்கள் கேட்கவில்லை, அதனால் முன்னமே சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வெளிநாட்டில் ஒரு சண்டைக் குழு இரண்டு பேருக்கும் வேலை கொடுத்திருந்தது. இந்தப் படம் முடிந்ததும் கிளம்புவதாக இருந்தார்கள். என் கட்டிலுக்கு அடியில் இருந்த பெரிய பெட்டியைக் கேட்டு வந்தாள். அவனும் கூட வந்தான். "நீங்களும் வந்துடுங்க மாமா, உங்களுக்கும் ஒரு அறை பார்த்துட்டேன்" என்றான். எனக்கு அங்கே என்ன வேலை? அவர்கள் சமையலறையில் இருமிக்கொண்டு, இவன் எப்போது தங்கள் அறைக் கதவைச் சாத்துவான் என்று காத்திருக்கும் வேலையா? என் மகளை நான் இன்னொருவன் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். பெட்டியைத் துடைத்துக் கொடுத்தேன். அவள் அதை எடுத்துப்போன பிறகு கட்டிலடி வெறுமனே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் ஒரு மனிதன் சாப்பிட முடியும்?

நேற்று உங்கள் ஸ்டேஷன் வராந்தாவில் என்னைக் கூட்டிப்போனபோது அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"விழுந்த காயம் எது, அடிச்ச காயம் எதுன்னு உங்களுக்குத் தெரியாதாப்பா? சண்டைக் குழுவுல எல்லாருக்கும் தோளுக்கும் முழங்கைக்கும் பஞ்சு வச்சுத் தச்சுக் குடுத்தவர்தானே நீங்க."

தெரியும், ஐயா. துணிக்கொடி பக்கத்தில் பார்த்த அந்த நிமிஷமே தெரியும். உருண்டு விழுந்தால் தோளின் பின்பக்கம் படும். முழங்கைத் தோலும் உரியும். கையால் அடித்தால் அப்படி உரியாது. அவன் அவள் மேல் ஒரு விரல் வைத்ததில்லை. ஈயத் தோட்டாவை வாங்கியது நான், போட்டது நான், விளக்கை அவன் இதயத்துக்கு நேரே பொருத்தியது நான். பாப்பா இழுத்தது வெறும் விசை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. பயணத்தை ரத்து செய்யச் சொல்லி அவளிடம் யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். இப்போது கோபத்தில் என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்கிறாள். தணிந்ததும் வருவாள். வேறு எங்கே போவாள், ஐயா, என்னை விட்டால் அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள்?