மீதி ஐம்பது தடவை

அன்புள்ள சின்ன ர,

இங்கு நலம். உன் நலம் அறியேன்.

முதலில் யார் யார் இருந்தோம், எங்கெங்கே உட்கார்ந்திருந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். இடம், நம் தமிழ் ஐயாவின் வாசிப்பறை. பள்ளிக்கூடத்தில் நினைவுக் கூட்டம் முடிந்து நாங்கள் நாலு பேர் மட்டும் அவர் வீட்டுக்கு வந்தோம். கரண்ட் போயிருந்தது. மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தி. பெயிண்டர் ஜன்னல் திண்டில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு. நாம் ஊசி என்று கூப்பிடும் டெய்லர் கீழே, புத்தக அலமாரியில் முதுகைச் சாய்த்து. நம் வகுப்பில் முதல் பெஞ்சுக்காரி, இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், உள்ளறைக் கதவோரம் முக்காலியில். நான் மேசைப் பக்கம். உள்ளறையில் ஐயாவின் மனைவி, நம் அம்மா, படுத்திருந்தார், கதவு ஒருக்களித்திருந்தது. ஐயாவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் காலி. அது உனக்கு. ஐந்து பேராகத்தானே எப்போதும் வருவோம்.

ஐயா இறந்த வாரமே நீ லாரி வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனாய். வருடம் ஒன்று ஆகிறது. நீ போன் எடுப்பதில்லை. உன் முகவரி எங்கள் யாருக்கும் தெரியாது. தெரியாமலே எழுதுகிறேன்.

நாங்கள் உள்ளே நுழைந்ததும் அம்மா வழக்கம்போல் கேட்டார்.

"கடைசியா ஏதாவது சொன்னாராப்பா? யாராவது பக்கத்துல இருந்தாங்களா?"

நாங்களும் வழக்கம்போல், "வண்டி அடிச்ச உடனே போயிருக்கும்மா, வலி தெரிஞ்சிருக்காது" என்றோம். அம்மா தலையாட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். ஒரு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

முதலில் சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருந்தது.

"ரிட்டயர் ஆனதுக்கப்புறம் ஊரையே நோட்டுப் புத்தகம் ஆக்கிட்டாரு மனுஷன்," என்றான் பெயிண்டர். லாட்ஜ் வாசலில் 'அரை வாடகைக்கு விடப்படும்' என்று பலகை தொங்கியதே, ஐயா நேராக உள்ளே போய், "பாதி வாடகைக்கு விடறீங்களாமே, எனக்கு ஒண்ணு கொடுங்க" என்று கேட்டாராம். லாட்ஜ்காரர் அன்றைக்கே பெயிண்டரைக் கூப்பிட்டு அந்த எழுத்தைப் பெரிய ற ஆக்கினார். "எனக்கு வேலை பிடிச்சுக் கொடுக்கத்தான் அந்த மனுஷன் நடையா நடந்தாரு. பேனாவைப் பார்த்தாலே கடைக்காரனுங்க ஷட்டரை இழுப்பானுங்க."

"என் லவ் லெட்டரைப் பிடிச்சாரே, அதைச் சொல்லு," என்றான் ஊசி. "கிழிப்பாருன்னு நெனச்சேன். சிவப்பு மையில திருத்தி என் கையிலயே கொடுத்தாரு. 'உணர்ச்சி சரி. ஒற்றுப்பிழை நாலு. திருத்தி எழுதிக் கொடு.'"

"கொடுத்தியா?"

"கொடுத்தேன். அவதான் இப்ப வீட்ல தினமும் என்னைத் திருத்திக்கிட்டிருக்கா."

முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லை. தண்டனை ஒன்றுதான், இம்போசிஷன். நூறு தடவை. எழுதச் சொல்லிவிட்டுப் போய்விடவும் மாட்டார், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "நீ முடிக்கிற வரைக்கும் நான் போகமாட்டேன்" என்பார். மழை பெய்தாலும் இருட்டினாலும் இருப்பார். முடித்ததும் வீடுவரை கொண்டுவந்து விடுவார். அதிகம் எழுதியவன் நீதான். பெரிய ற வரவேண்டிய இடத்திலெல்லாம் உனக்குச் சின்ன ர. அதையே உனக்குப் பெயராக வைத்தார். வேறு எந்தப் பிள்ளையையும் அவர் செல்லப்பெயரால் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு உன்மேல் பொறாமைகூட இருந்தது.

பிறகு பேச்சு பலகைக்கு வந்தது. உனக்கு இது தெரியாது. கல்குவாரி ரோட்டில், ஐயா அடிபட்டுக் கிடந்த இடத்தில், மூன்று மாதம் முன்பு ஒரு பலகை நட்டோம். எந்த வண்டி அடித்தது என்பது இன்றுவரை போலீஸுக்குத் தெரியாது. பலகையில் பெயிண்டர் எழுதியது: 'எங்கள் ஐயா இங்கே இறந்தார்.' மறுநாள் காலையில் பார்த்தால், 'இரந்தார்.' பெரிய ற-வைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் சின்ன ர. சிவப்பு நிறத்தில்.

"நாலு தடவை மாத்தினேன்," என்றான் பெயிண்டர். "நாலு தடவையும் ராத்திரியோட ராத்திரியா..."

"சின்ன ர ஊருக்குத் திரும்பிட்டான், அவன் கைவரிசைதான்னு சிரிச்சோமேடா," என்றான் ஊசி. "ஐயாவுக்கே எழுத்துப் பிழை!"

நர்ஸ் சிரிக்கவில்லை.

"அது பிழை இல்லடா," என்றாள். "இறந்தார்னா செத்தார். இரந்தார்னா... கெஞ்சினார். ஐயா அங்க கெஞ்சியிருக்காரு."

அவள் சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். அவளோடு டூட்டி பார்க்கும் பெண்ணின் கணவனுக்கு நடந்தது இது. லாரி டிரைவர்.

போன மாதம். சாயங்காலம் ஆறு பத்து. கல்குவாரி ரோடு... முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. ஒரு வருடமாக அந்த ரோட்டுப் பக்கம் அவன் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. அன்றைக்கு மற்ற ரோட்டில் பாலம் உடைந்து வேலை நடந்தது, வேறு வழியில்லை. ஜல்லி லோடு. பலகைக்கு நேராக வந்தான்... எஞ்சின் நின்றது. சாவியைத் திருப்பினான். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை திருப்பினான்.

பின்னாலிருந்து ஒரு சத்தம். சரக்... டப். சரக்... டப்.

ஐயாவின் இடது செருப்பு தரையில் இழுபடுமே. அதே சத்தம்.

கேபினுக்குள் டீசல் நாற்றம் மெல்லக் குறைந்தது. சாக்பீஸ் தூள் வாசனை. ஈர மை வாசனை. பிறகு கதவுக் கண்ணாடியில் பேனாவால் தட்டுகிற மாதிரி... டக். டக். டக்.

"கண்ணாடிய எறக்கினானாம். மூஞ்சி பாதிதான் இருந்துச்சாம். மீதிப் பாதியில டயர் தடம்... வரி வரியா, ரூல் போட்ட நோட்டு மாதிரி."

"ஏய், இன்னொரு மெழுகுவத்தி ஏத்துடா யாராவது," என்றான் ஊசி. யாரும் எழுந்திருக்கவில்லை.

"இறங்கு தம்பி" என்றதாம் அந்த வாய். அதட்டலே இல்லையாம். அன்பாகத்தான். "நூறு தடவை எழுது. நீ முடிக்கிற வரைக்கும் நான் போகமாட்டேன்."

மறுநாள் காலையில் குவாரிக்கு வேலைக்குப் போனவர்கள்தான் பார்த்தார்கள்; ஊருக்குள் விபத்து என்றே சொல்லிவைத்தார்கள். டிரைவர் ரோட்டில் குப்புறக் கிடந்தான். பலகையின் அடியிலிருந்து லாரியின் பின்சக்கரம்வரை தார் முழுவதும் ரத்தத்தில் எழுத்து. இரந்தார். இரந்தார். இரந்தார். ஆள்காட்டி விரலால் ஆரம்பித்திருக்கிறான். நுனிச் சதை தேய்ந்து, எலும்பு தேய்ந்து, விரல் கணுவோடு தீர்ந்ததும் அடுத்த விரல். அது தீர்ந்ததும் அடுத்தது. பத்து விரலும். தாரின் பொடிக்கற்களுக்கிடையே நகங்கள் செருகிக் கிடந்தன. எண்ணிப் பார்த்தார்கள், ஐம்பது வரி. கோணல் இல்லை, அடித்தல் இல்லை, ஒரு பிழை இல்லை.

"அவன் கைநாட்டுடா," என்றாள் நர்ஸ். "பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவன். அனா ஆவன்னா தெரியாது. ஆஸ்பத்திரி பேப்பர்ல கைநாட்டு வைக்கவும் விரல் இல்ல."

நாலு நாள் உயிரோடு இருந்தான். மூன்றாம் நாள், கட்டு மாற்றும்போது, அவளிடம் சொன்னான்.

போன வருடம். அதே ஆறு பத்து. நடந்து போய்க்கொண்டிருந்த பெரியவரை அவன் வண்டி தட்டித் தள்ளிவிட்டு ஏறித் தாண்டியது. கால் இரண்டும் தொடைவரை கூழ். உயிர் இருந்தது. கிளீனர் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தான். பெரியவர் அவன் காலைக் கட்டிக்கொண்டார். டிரைவர் பக்கக் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏதோ கெஞ்சினாருக்கா. எஞ்சின் சத்தத்துல என்னன்னு விழல. ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. 'சின்ன ர... சின்ன ர...'ன்னாரு. அது என்ன வார்த்தைக்கா?"

உன் நாற்காலியை நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளீனர் காலை உதறினான். பிடி விடவில்லை. மறு காலால் அவர் மணிக்கட்டை மிதித்தான், இரண்டு தடவை. பிடி விட்டது. பிறகு லாரியின் பின்பக்கம் ஓரமாக நின்றுகொண்டு தகரத்தில் தட்டினான்.

"'வரலாம்... வரலாம்... வா வா வா...' எப்பவும் லோடு எறக்கறப்போ சொல்ற மாதிரியேதான் சொன்னான்க்கா. நான் ரிவர்ஸ் எடுத்தேன். வண்டி ஒரு தடவை ஏறி எறங்குச்சு. நிறுத்தினேன். 'இன்னும் கொஞ்சம்'னான்."

பெயிண்டர் ஜன்னல் திண்டிலிருந்து காலை இறக்கினான்.

நர்ஸ் இன்னும் முடிக்கவில்லை. "நான் கேட்டேன், நூறு சொன்னாரு, ஏன் அம்பதோட விட்டாருன்னு. அதுக்கு அவன்... 'என் பங்கு முடிஞ்சுதுன்னாருக்கா. மீதி அம்பது அவனுக்காம்.'"

மறுநாள் ஆறு பத்துக்கு டிரைவர் செத்தான்.

பிறகு உள்ளறை இருட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவர் தூங்கவே இல்லை.

"என்ன கேட்டுக் கெஞ்சினார்னு சொன்னானாம்மா?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, "இல்லம்மா. அதைக் காதால கேட்டவன் ஒருத்தன்தான் இருக்கான்," என்றாள்.

"அப்ப அவனை வரச்சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன். முப்பத்தொன்பது வருஷம் கூட இருந்தேன்... என்கிட்டகூட அவர் எதுக்கும் கெஞ்சினதில்ல. எனக்கு அந்த வார்த்தை வேணும்."

மூவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்குத் துணையாக நான் மட்டும் தங்கி, ஐயாவின் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போலீஸுக்கும் எழுதியாயிற்று, அது தனி உறை, உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் போலீஸ் உன்னைத் தேடி எடுக்க நாளாகும். அதற்குள் வேறு ஒருவர் வந்துவிடுவார் என்று பயப்படுகிறேன். நீ அவரைக் கொன்றவன். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனும் நீதான். இரண்டையும் சேர்த்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இது ஒன்று மட்டும் தெரியும்: ஐயா கேட்டது என்னவென்று வந்து அம்மாவிடம் சொல். உயிரையா கேட்டார், தண்ணீரையா, இல்லை உனக்காகவே ஏதாவது கேட்டாரா? சொல்லிவிட்டால் ஒருவேளை எழுத வேண்டியிருக்காது. கையில் விரல் இருக்கும்போதே வா.

இப்படிக்கு,
உன் பெஞ்சுத் தோழன்

(உறையின் பின்புறம்)

ஒட்டிவிட்டேன், உள்ளே இனி எழுத வழியில்லை. அதனால் இங்கே.

அனுப்புநர் பக்கம் என் முகவரியை எழுதினேன். பெறுநர் பக்கத்தைக் காலியாக விட்டேன். விடிந்ததும் லாரி ஷெட்டில் விசாரித்து எழுதலாம் என்று நினைத்தேன். பசை காயட்டும் என்று உறையை மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். சரக்... டப் என்று ஒருமுறை கேட்டது. அம்மா தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எட்டிப் பார்த்தேன், அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது விடிந்துவிட்டது. பெறுநர் பக்கம் நிரம்பியிருக்கிறது. சிவப்பு மை, என் கட்டைவிரலில் ஒட்டுகிறது. ஊர், தெரு, கதவு எண். அதன்கீழே 'மாடிப்படிக்கு அடியில் உள்ள அறை.' பெரிய ற.

தபால்பெட்டி முன்னால் நின்று எழுதுகிறேன். உறை கனக்கிறது. நான் வைத்தது ஆறு தாள். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், ஏழாவதாக ஒன்று இருக்கிறது. கோடு போட்ட வெற்றுத் தாள். ஓரத்தில் சிவப்பில் வரிசை எண் மட்டும் தெரிகிறது. 51. 52. 53.

போடுகிறேன்.