செக்குமாட்டுப் படகு

இரவு பதினொன்றே கால். நாட்றாம்பாளையம் தாண்டி ஆற்றுக்கு இறங்கும் மண் சாலை. ஆள் இல்லை, வீடு இல்லை... யானைத் தடம் என்பதால் பொழுது சாய்ந்தால் நாய்கூட அந்தப் பக்கம் போகாது. அதில் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி தனியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவர் பெயர் சென்னப்பன்.

தர்ஷினி, அந்த மொபைலை அணைத்து வை. கரண்ட் போனால் போகட்டும், இந்த வருஷம் ஓசூரில் அது என்ன அதிசயமா? பயமாக இருந்தால் போர்வையை இழுத்துக்கொள். நடுவில் 'அப்புறம் என்னக்கா, அப்புறம் என்னக்கா' என்று நச்சரிக்கக் கூடாது. எனக்குக் கோபம் வந்தால் கதை மறந்துவிடும், தெரியுமில்லையா?

போன வருஷம் வரை இந்த ஹாஸ்டல் ரூமில், ஜன்னலோரக் கட்டிலில் ஜெயப்ரியா படுத்திருந்தாள். என்னோடு ஒரே லைனில் வேலை பார்த்தவள். அவளுடைய சித்தப்பாதான் இந்தச் சென்னப்பன். நான் சொல்லப்போவதில் பாதி அவள் கண்ணால் பார்த்தது. மீதி சித்தப்பாவே அவளிடம் சொன்னது. நானாகச் சேர்த்தது ஒன்றும் இல்லை. சேர்க்க எனக்குத் தைரியமும் இல்லை.

சென்னப்பன் ஓசூரில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். கன்வேயர் ஓடாமல் நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார். அவர் ஊர் ஆற்றங்கரையில் இருக்கிறது. அக்கரையில் கர்நாடகா. இக்கரையில் பெண் எடுத்து அக்கரையில் கொடுக்கிற ஜனங்கள். நடுவில் ஆறு அகலமாக, அசையாமல் கிடக்கும். கடக்கப் பரிசல் மட்டும்தான். பரிசலில் ஆள் போகலாம், இரண்டு ஆடு போகலாம். பத்து மூட்டை ராகி போகுமா? மோட்டார் பைக் போகுமா?

அதற்குத்தான் அவர் படகு கட்டினார். டீசல் என்ஜின் வைத்த படகு இல்லை. மாடு ஓட்டுகிற படகு.

சிரிக்காதே. எப்படி என்று கேள். இருபது காலி டிரம்மை வரிசையாக வெல்டிங் வைத்து, மேலே பலகைத் தளம். தளத்தின் நடுவில் மாடு நிற்கிற இடத்தில் ஒரு கன்வேயர். நம் கம்பெனியில் இருக்கிற மாதிரியேதான், ரப்பர் பெல்ட்டுக்குப் பதிலாக மரச் சட்டங்கள். மாட்டின் கழுத்தை முன்னால் ஒரு குறுக்குக் கம்பியில் கட்டிவிடுவார். மாடு நடக்கும், ஆனால் நகராது. அதன் காலுக்குக் கீழே சட்டங்கள் பின்னால் ஓடும். அந்த ஓட்டத்தைச் செயின் வாங்கி, படகின் இரண்டு பக்கமும் இருக்கிற துடுப்புச் சக்கரத்தைச் சுற்றும். படகு போகும்.

கட்டும்போது அவருடைய அண்ணன் மாதப்பன், அதாவது ஜெயப்ரியாவின் அப்பா, ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்.

"சைக்கிள்ல ஃப்ரீவீல் இருக்குதேடா. அத மாதிரி ஒண்ணு வெச்சிடு. மாடு நின்னாலும் சக்கரம் தனியா சுத்திக்கும்."

"அது வெச்சா படக பின்னால எடுக்க முடியாதுண்ணே. மாட்ட ரெண்டு அடி பின்னால தள்ளுனா படகும் பின்னால வரணும். இல்லன்னா கரையில மோதிரும்."

"அப்ப நிறுத்தறதுக்கு?"

"கம்பெனியில சிவப்பு பட்டன் அமுக்கற மாதிரி இது." ஒரு இரும்பு முளையைக் காட்டினார். அதைச் சட்டத்துக்கு நடுவில் செருகினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும்.

மாட்டையும் யோசித்துத்தான் வாங்கினார். தளிப் பக்கம் ஒரு எண்ணெய்ச் செக்கில் பத்து வருஷம் சுற்றிய மாடு. செக்குமாட்டுக்குக் கண்ணைக் கட்டிவிடுவார்கள், பார்த்திருக்கிறாயா? துணி கண்ணில் இருக்கும்வரை நடக்கும். அவிழ்த்தால் நிற்கும். அதட்ட வேண்டியதில்லை, அடிக்க வேண்டியதில்லை. தண்ணீரைப் பார்த்தால் மிரளும் என்ற கவலையும் கிடையாது. ஆறு மாதம் ஜோராக ஓடியது. அக்கரை ஜனங்கள் துறைக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஒரே தொல்லை... மாடு படகில் ஏறாது, இறங்காது. கரைக்குப் போட்ட பலகையில் கால் வைக்க ஒரு மணி நேரம் அடம் பிடிக்கும்.

அன்றைக்கு அஞ்செட்டியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. நேரமாகிவிட்டது. மாட்டை இறக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஒரு ராத்திரிதானே என்று படகிலேயே விட்டார். ஆறு வருகிற திசையைப் பார்த்து முகப்பை வைத்துக் கட்டினார். வைக்கோல் போட்டார். முளையைச் செருகினார். கண் துணியை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் தண்ணீரைப் பார்த்துக் கத்தும் என்று நினைத்தார்.

இந்த ஆறு பிறக்கிற குடகில் நாலு நாளாக மழை. அது அவருக்குத் தெரியாது.

இப்போது அந்தப் பதினொன்றே காலுக்கு வா. கடைசி வளைவில் வண்டி திரும்பும்போதே சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்... டக்...

மரத்தில் குளம்பு படுகிற சத்தம். முதலில் மாடு கால் மாற்றி நிற்கிறது என்றுதான் நினைத்தார். கிட்டே போகப் போக... சத்தம் நடை இல்லை. ஓட்டம். காற்றில் ஈரத் தோல் வாடை. அதோடு கிரீஸ் கருகுகிற வாடை.

ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றியது. சக்கரம் செயினை இழுத்தது, செயின் சட்டத்தை ஓட்டியது. புரிகிறதா? மாடு படகை ஓட்டவில்லை. ஆறு மாட்டை ஓட்டியது. முளை எப்போதோ தெறித்துத் தண்ணீரில் போயிருந்தது.

சென்னப்பன் கயிற்றைப் பிடித்துத் தொங்கிப் படகில் ஏறினார். கையில் கிடைத்த கம்பியை எல்லாம் செருகிப் பார்த்தார். தெறித்தது. கழுத்துக் கயிற்றை அறுக்கப் போனார், கத்தி இல்லை. கயிறு நனைந்து முடிச்சு கல்லாகிவிட்டது. மாடு கத்தவே இல்லையாம். அதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வாராம். "ஒரு வாட்டி கத்தியிருக்கலாம் பாப்பா... கண்ணு கட்டியிருக்குதே, நடக்கச் சொல்றாங்கன்னு நெனச்சிடுச்சி."

முன்னங்கால் மடிந்தது. கழுத்து கம்பியில் தொங்கியது. சட்டம் நிற்கவில்லை. செத்த பிறகும் அதன் பின்னங்கால்கள் நடந்துகொண்டுதான் இருந்தன... விடியும்வரை. அவர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு என்ன செய்வார்? வெளிச்சம் வந்ததும் கண் துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். கண் திறந்தே இருந்தது. அதை இவர் கையால் மூடினார்.

வீட்டுக்கு வந்து படுத்தார். அவர் மனைவி நாகம்மாள் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள்... மனிதர் மல்லாந்து தூங்குகிறார். கால் இரண்டும் நடக்கின்றன.

உதறல் இல்லை, வலிப்பு இல்லை. நடை. வலது, இடது, வலது, இடது. தட்டி எழுப்பினாள். கண்ணைத் திறந்ததும் கால் நின்றது. மறுபடி கண் செருகியது... கால் கிளம்பியது.

கிருஷ்ணகிரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நரம்புத் தளர்ச்சி, தூங்கினால் சரியாகும் என்று ஊசி போட்டார்கள். ஊசியில் மூன்று மணி நேரம் தூங்கினார். மூன்று மணி நேரமும் நடந்தார். எழுப்பவும் முடியவில்லை. குதிகால் தோல் உரிந்து விரிப்பெல்லாம் ரத்தம். காலைக் கட்டிலோடு கட்டினார்கள். கட்டில் சுவரை இடித்தது.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் அவர். "என்னத் தூங்க மட்டும் விடாதீங்க."

ஜெயப்ரியா இங்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது அப்போதுதான். கேட்டுக்கொள், அந்த வீட்டில் ஷிப்ட் போட்டார்கள். நம் கம்பெனி மாதிரி ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட். பகலில் நாகம்மாள், மாலையில் மாதப்பன், ராத்திரி ஜெயப்ரியா. வேலை இதுதான்: அவர் கண்ணை மூட விடக் கூடாது. பேச்சுக் கொடுப்பாள். முகத்தில் தண்ணீர் அடிப்பாள். மிளகாயை முகர வைப்பாள். கண் சிமிட்டினால்கூடக் கால் கட்டைவிரல் ஒரு துள்ளு துள்ளும்.

என்னவெல்லாமோ செய்தார்கள். மாதப்பன் ஓசூரிலிருந்து கேஸ் கட்டர் கொண்டுவந்து படகைத் துண்டு துண்டாக அறுத்து ஆற்றில் விட்டார். மாட்டைப் புதைத்த இடத்தில் பொங்கல் வைத்துக் கும்பிட்டார்கள். அக்கரையிலிருந்து ஒரு பூசாரி வந்து திருநீறு போட்டுவிட்டு, வீட்டு வாசலில் நின்று தலையை ஆட்டினார். "நன்ன கைலி ஆகல்லம்மா" என்றார், தன் கையால் ஆகாதென்று. காசுகூட வாங்கவில்லை.

நாகம்மாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மனிதர் ஒரு முறை, ஒரே ஒரு முறை, கால் ஆடாமல் தூங்க வேண்டும். பிழைக்க வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லையாம். "அவருக்குத் தூக்கம் குடுங்கடா சாமி" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

ஆறாவது ராத்திரி ஜெயப்ரியா அசந்துவிட்டாள். பத்து நிமிஷமோ, இருபது நிமிஷமோ. பாவம், அவளும் மனுஷிதானே. சத்தம் கேட்டு விழித்தாள். சித்தப்பா தூங்குகிறார், கால் ஓடுகிறது. நடை இல்லை, ஓட்டம். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. தூக்கத்திலேயே வாயைத் திறந்து ஏதோ சொல்லப் பார்க்கிறார்... சத்தம் வரவில்லை. அவள் எழுப்பியதும் அவர் திட்டவில்லை. "வுடு பாப்பா. நீயும் எத்தன நாளு முழிச்சிருப்ப" என்றார். அதைச் சொல்லும்போதுதான் ஜெயப்ரியா என் மடியில் விழுந்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் போய்ச் சேர்ந்தார். தூணில் சாய்ந்து, கண்ணைத் திறந்தபடி. கால் அசையவில்லை. நாகம்மாள் அழவில்லை. "தூங்கிட்டாரு" என்று மட்டும் சொன்னாள். வீடே மூச்சு விட்டது.

குளிப்பாட்டினார்கள். நெற்றியில் காசு வைத்தார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டினார்கள். எல்லாம் முடிந்து மாதப்பன் குனிந்து, தம்பியின் கண்ணை உள்ளங்கையால் மூடினார்.

கட்டைவிரல் துணி அறுந்தது.

கூட்டம் வாசலுக்கு ஓடியது. மாதப்பன் ஓடவில்லை. இமையைத் திறந்துவிட்டார், கால் நின்றது. மறுபடி மூடினார்... மறுபடி திறந்தார். அப்புறம் கையை எடுத்துத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

கண் திறந்த பிணத்தைப் புதைக்கக் கூடாது என்றார் ஊர்க்காரர் ஒருவர். நாகம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். திறந்த கண்ணோடுதான் தூக்கிப் போனார்கள். முகத்தில் துணி போடவில்லை. வழி நெடுக ஜெயப்ரியா பாடை பக்கத்தில் நடந்து, கண்ணில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டே போனாள்.

அவர்கள் வழக்கம் புதைப்பதுதான். சொந்த நிலத்தில் ஆறடிக் குழி. இறக்கினார்கள். வானத்தைப் பார்த்தபடி கிடக்கிறார். காலிலிருந்து மண் தள்ள ஆரம்பித்தார்கள். முழங்கால்... வயிறு... மார்பு... கழுத்து. அங்கே மண்வெட்டி நின்றது. முகம் மட்டும் தெரிகிறது. யாரும் தள்ளவில்லை.

"கண்ணு மேல போடாதீங்க" என்றாள் நாகம்மாள். மெதுவாகத்தான் சொன்னாள், கத்தவில்லை. "எல்லாம் மூடுங்க. கண்ணு மேல மட்டும் போடாதீங்க."

எப்படிப் போடாமல் இருப்பது? சொல்லு, நீயே சொல்லு. மதியம் தொடங்கியது, வெயில் சாயும்வரை குழியைச் சுற்றி நின்றார்கள். அண்ணன் நிற்கிறார், மனைவி நிற்கிறாள். இருட்டினால் யானை வரும் என்றார்கள். கடைசியில் மாதப்பன்தான் மண்வெட்டியை வாங்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே தள்ளாகத் தள்ளினார்.

மேடு போட்டார்கள். மண் இறுக வேண்டும் என்று, குழி வெட்டிய முனிராஜும் கோவிந்தப்பனும் மிதிக்க மேலே ஏறினார்கள். நாலு மிதி மிதித்திருப்பார்கள். இருவரும் ஒரே நேரத்தில் இறங்கிவிட்டார்கள். கோவிந்தப்பன்தான் மாதப்பன் காதோரம் வந்து சொன்னார்.

"மேல நிக்க முடியலண்ணே. காலுக்குக் கீழ மண்ணு பின்னால போவுது."