பதினெட்டு சதவீதம்

காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பேன். ஒரு கோப்பை தேநீர், சர்க்கரை இல்லாமல். குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, பஸ் பிடித்தால் எட்டரைக்கு அலுவலகம். தினமும் சவரம் செய்வேன். நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் மட்டும் செய்வதில்லை. முதல் முறை மறந்துதான் போனேன். அன்று நீதிபதி என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அதன் பிறகு வேண்டுமென்றே மறந்தேன்.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு. அந்த நர்ஸுக்கு ஏழு வருடம் கிடைக்கும் என்று அரசு வக்கீல் சொன்னார். நீங்கள் என்னை இந்த விசாரணை அறையில் உட்கார வைத்திருக்காவிட்டால் கிடைத்திருக்கும்.

உங்களுக்கு என் தொழில் தெரியாது. மூன்று முறை விளக்கியும் தலையை மட்டும் ஆட்டுகிறீர்கள். நான்காவது முறை சொல்கிறேன். மற்றவர்கள் கணினி நிரல் எழுதும் மொழி ஒன்றைப் பராமரிப்பது எங்கள் வேலை. பெயர், எண், முகவரி, திரையில் தெரியும் எந்த எழுத்தானாலும் அதை ஸ்ட்ரிங் என்போம். ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் மெமரியில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். வேலை முடிந்ததும் இடம் திரும்பி வரும். அதைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யும் பகுதி என்னுடையது.

துடைப்பதற்கு நேரம் பிடிக்கும். ஒரு முறைக்கு ஒன்றுமில்லை. நொடிக்குப் பல லட்சம் முறை என்றால் கணக்கே வேறு. இத்தனை எழுத்து என்று நீளத்தைத் தனியாகக் குறித்து வைக்கிறோம், அதற்கு மேல் யாரும் படிக்கப் போவதில்லை, பிறகு எதற்குத் துடைப்பது? அந்த ஒரு வரியை எடுத்தேன். வேகம் பதினெட்டு சதவீதம் கூடியது. அந்த வருடம் வேறு யாரும் நான்கு சதவீதத்தைத் தாண்டவில்லை.

எங்கள் பரிசோதகர் ஒருவர் இருக்கிறார். அலுவலகத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். உங்களிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டியது அவர்தான் என்று தெரியும். நான் அந்த வரியை எடுத்த அன்றைக்கே என் மேசைக்கு வந்து நின்றார். நீளத்தைப் பார்க்காமல், துடைத்த இடம் வரும்வரை படித்துக்கொண்டே போகும் பழைய நிரல்கள் இன்னும் ஊரெல்லாம் ஓடுகின்றன என்றார். சோதனை எல்லாம் பாஸ் ஆகிவிட்டதே என்றேன். எங்கள் சோதனை இயந்திரம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும். புது மெமரியில் பழைய தடம் எதுவும் இருக்காது.

"புது ஸ்லேட்டுல எழுதிக் காட்டி, அழிச்ச தடமே இல்லங்கறீங்க. மூணு நாள் நிறுத்தாம ஓட விடுங்க தம்பி, அப்புறம் பேசலாம்."

"குறை கண்டுபிடிக்கலன்னா உங்களுக்குச் சோறு இறங்காதா சார்?" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று நாள் ஓட விடவும் இல்லை. பக்கத்து இருக்கை நண்பன் என் மாற்றத்தைப் படிக்காமலே ஒப்புதல் கொடுத்தான். அவனுடையதற்கு நான் அப்படித்தான் கொடுப்பேன். எங்களுக்குள் அது ஒரு மரியாதை.

நான்கு மாதம் கழித்து ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. வார்டு திரையில் எப்போதாவது ஓர் எண்ணின் பின்னால் இன்னோர் எண் ஒட்டிக்கொண்டு தெரிகிறது, திரையை மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது என்று. சல்லடை அதை எனக்கு அனுப்பினார். என் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தேன், வரவில்லை. "இங்கே நிகழவில்லை" என்று எழுதி மூடினேன். அது ஒரு திங்கட்கிழமை. அதற்கடுத்த வாரம் புதன்கிழமை என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். அதே ஆஸ்பத்திரியில்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மாமனார் சொன்னார். அங்கே ஓடுவதெல்லாம் எங்கள் மொழி என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பெருமை என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலிக்கு மருந்து ஏற்ற ஒரு பம்ப் வைத்தார்கள். மணிக்கு இரண்டு மில்லி என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார், கணினியில் அடித்தார், போய்விட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு வேறொரு மருந்து, மணிக்குப் பத்து. மதியம் ஒன்றரைக்கு நர்ஸ் வந்தாள். எதையும் இரண்டு தடவை கேட்கும் ரகம். காலையிலிருந்து என் மனைவியின் பெயரையே மூன்று முறை கேட்டிருந்தாள். நான் மடிக்கணினியில் வருடாந்திரக் கூட்டத்துக்கான குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பதினெட்டு சதவீதத்தைப் பற்றித்தான்.

நர்ஸ் திரையைப் பார்த்தாள். பம்பைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"சார், இருபதுன்னு காட்டுது. இந்த மருந்துக்கு அவ்வளவு போட மாட்டாங்களே."

எழுந்து வந்து பார்த்தேன். இருபதுதான். பத்து இருந்த இடத்தில் இரண்டை எழுதினால் முதல் எழுத்து மாறும். துடைக்காவிட்டால் பின்னால் இருக்கும் பூஜ்யம் அப்படியே நிற்கும். இது எனக்குத் தோன்றியதா என்று கேட்டீர்கள். தோன்றியது. ஒரு நொடிதான். அந்த நொடியில் அவள் சல்லடை மாதிரியே நின்றுகொண்டிருந்தாள், தலையைச் சாய்த்துக்கொண்டு.

"திரையில என்ன இருக்கோ அதான் சரி. இந்த சாஃப்ட்வேர் எப்படி வேலை செய்யும்னு எனக்குத் தெரியும்மா" என்றேன்.

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. கீழே போய் நேரிலேயே கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள். நான் குரலை உயர்த்தவில்லை. ஒரு நோயாளியை வலியில் போட்டுவிட்டு மாடி ஏறி இறங்குவதுதான் உங்கள் வேலையா, மேலதிகாரியிடம் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டேன். அவள் பம்பின் பக்கம் திரும்பினாள். இருபதை அழுத்தினாள்.

என் மனைவி உடனே தூங்கிப்போனாள். குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று நினைத்துக் குறிப்பை எழுதி முடித்தேன். நன்றாக வந்திருந்தது. மூன்று பத்துக்கு நர்ஸ் மறுபடியும் வந்தபோது எழுப்ப முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கணினியில் அன்று மாலையே பார்த்தார்கள். சேமித்து வைத்த பதிவில் இரண்டு என்றுதான் இருந்தது. இருக்கத்தான் செய்யும், தவறு திரைக்குப் போகும் வழியில் மட்டும்தான். இருபது என்று காட்டியது என்று அந்தப் பெண் அழுதாள். யாரும் நம்பவில்லை. உண்மை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான் நீதிமன்றத்தில், அவள் திரையைப் பார்க்கவே இல்லை, போனில் பேசிக்கொண்டே எண்ணை அழுத்தினாள் என்றேன். போன் இருந்தது உண்மை. முழுப் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

மனைவியின் காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அலுவலகம் போனேன். எடுத்த வரியைத் திரும்பப் போட்டேன். நிரலின் ஓட்டத்தைத் தொடாத விளக்க வரியைத் திருத்தியது போல, "குறிப்புரைத் திருத்தம்" என்று தலைப்புக் கொடுத்தேன். நண்பன் நாற்பது நொடியில் ஒப்புதல் தந்தான், துக்க வீட்டு ஆளிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று. அதில் ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டேன். சல்லடை தினமும் வேகத்தை அளந்து கோடு போட்டு வைப்பார். ஏறியிருந்த பதினெட்டு சதவீதமும் ஒரே நாளில் கோட்டில் சரிந்தது. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் சாட்சியம் பேப்பரில் வந்ததும், வரி இல்லாத வடிவம், இருக்கும் வடிவம் இரண்டையும் அச்சடித்து நேரே உங்களிடம் வந்துவிட்டார். முகத்துக்கு நேரே கேட்கத் துணிவில்லாத ஆள்.

அந்த நர்ஸுக்கு ஒரு குழந்தை இருப்பதாகச் சொன்னீர்கள். எனக்கும் மனைவி இருந்தாள். ஒரு மனிதன் தன் மனைவி வலியில் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? துடித்தாள், அதனால்தான் அவசரப்படுத்தினேன். மாமனாரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீதிபதியிடமும் இதையேதான் சொன்னேன். சொல்லிச் சொல்லி, அவள் துடித்தது எனக்கே கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது.

அன்று எங்கள் கட்டிலருகே இருந்தது மூன்று பேர். நர்ஸ் உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று ஊகிக்க முடிகிறது, அதனால் மறைப்பதில் பயனில்லை. கீழே போக வேண்டாம் என்று நான் சொன்னபோது என் மனைவி கண் திறந்தாள். என்னை அல்ல, அந்தப் பெண்ணைத்தான் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"எனக்கு வலி பொறுத்துக்க முடியுதுங்க. அவங்க போய் டாக்டரக் கேட்டுட்டே வரட்டும்."