படித்த காற்று

பொருளாதாரத் தடை வந்த பிறகு அரியாலைச் சங்கக் கடையில் மண்ணெண்ணெய்க்காக வெயிலில் வரிசையாக நிற்பவை எங்கள் போத்தல்கள்தான். நாங்கள் வேப்பமர நிழலில் நிற்போம். அன்று முன்னால் உள்ள பத்துப் போத்தலுக்குத்தான் எண்ணெய் காணும் என்று மனேஜர் சொல்லிவிட்டார். அழுத குழந்தைக்குப் பால் கொடுக்கக் கடைக்குப் பின்னால் போன இளம் தாய் திரும்பி வந்து கேட்டாள்:

“என்ரை போத்தல் எழும்பி நடந்து போட்டுதோ? நாலாவதா வைச்சனான், கடைசியிலை நிக்குது. பிள்ளைக்குக் காய்ச்சல், ராவைக்கு விளக்கு வேணும்.”

இப்போது நாலாவதாக நின்ற போத்தலின் சொந்தக்காரர், வெள்ளை வேட்டிக்காரர், “காத்துக்கு உருண்டிருக்கும்” என்றார்.

மீன் விற்கும் பெண்ணொருத்தி வெற்றிலையைத் துப்பினாள்.

“ஓம் அண்ணை, நல்லாப் படிச்ச காத்து. மற்றப் போத்தல் ஒண்டையும் தொடாமல் கைப்பிள்ளைக்காரியின்ரையை மட்டும் தேடித் தூக்கியிருக்கு.”

“உன்ரை போத்தல் அசையேல்லைத்தானே? உனக்கென்ன நியாயம்?”

“என்ரை வாய்க்குக் காத்தும் பயம்.”

அவள் எழுந்து, தாயின் போத்தலை அவருடையதற்கு முன்னால் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே வெயிலில் குந்திக்கொண்டாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“ஆர் மாத்தினதெண்டு கண்டனீங்களோ அக்கா?” என்றாள் தாய்.

“நான் காணேல்லைப் பிள்ளை. கண்டது உந்தப் பேப்பர் வாசிக்கிற ஐயா. அவரை ஒண்டும் கேளாதை, பாவம், பயந்த சுபாவம். அவரின்ரை போத்தலையும் நான்தான் பார்த்துக்கொள்ளுறன்.”

நான் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.